கப்பல் சமையல்காரனின் இடக்கை

1

அன்று இருந்தவர்கள் நான்கு பேர். இடம், பள்ளிச் சீருடைகள் தைக்கும் ஒரு பட்டறையின் பின்னறை. துணி வெட்டும் நீள மேசையின் ஒரு முனையில் அக்கா. அவளுக்கு நாற்காலி கிடையாது. அந்தப் பட்டறையின் கட்டிங் மாஸ்டர் அவள்தான், நின்றே பழகியவள். மேசையின் வலப்பக்கம் பல் டாக்டர், பிரிக்காத துணி உருளை ஒன்றின்மேல். இடப்பக்கம், கதவை ஒட்டினாற்போல், கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் நண்பர். எதைச் சொன்னாலும் "அப்படியா?" என்று கேட்பவர் என்பதால் அவருக்குச் 'சந்தேகம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. மறுமுனையில் நான், ஒரு கால் குட்டையான முக்காலியில், மடியில் கம்ப்யூட்டரோடு. ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி பத்து நிமிடம்.

யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பது இந்தக் கதைக்கு எந்த விதத்திலும் தேவையில்லை. பின்னால் எங்காவது பயன்படும் என்று நினைவில் வைத்துக்கொண்டு சிரமப்பட வேண்டாம். எனக்கு வேறு மாதிரித் தொடங்கத் தெரியாது, அவ்வளவுதான். லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனம் ஒன்றில் கடிதப் பிரிவில் பத்தொன்பது வருடமாக இருக்கிறேன். 'தங்கள் லிஃப்ட் நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே நின்றுவிட்டது அறிந்து வருந்துகிறோம்' என்பது என் வரி. ஒரு சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். தேர்வில் கடிதம் எழுதுவதற்குப் பத்து மதிப்பெண் உண்டு. பத்தும் வாங்குவேன். மற்றதில் வாங்கியதைப் பற்றி இங்கே பேச வேண்டியதில்லை.

உண்மையைச் சொன்னால், இது கதையே இல்லை. அக்காவுக்கு எழுத வேண்டிய ஒரு கடிதம். ஏழு முறை தொடங்கினேன். ஏழு முறையும் வழி தவறிப் போனது.

முதல் தொடக்கம்: 'அன்புள்ள அக்காவுக்கு, நலம், நலமறிய ஆவல். ஒரு சின்ன விஷயம்—' (சின்ன விஷயம் இல்லை. அடித்தேன்.)

நான்காவது: 'பொருள்: மூன்றாம் தொகுதி, நாற்பத்தோராம் பக்கம், திசைப் பிழை குறித்து.' (கூடப் பிறந்தவளுக்குப் பொருள் போட்டா எழுதுவது? அடித்தேன்.)

ஆறாவது: 'கடல் அன்று கொந்தளித்துக்கொண்டு—' (நான் கொந்தளிக்கும் கடலைப் பார்த்ததெல்லாம் படக்கதையில்தான். இதை அடிக்காமல் கிழித்தே போட்டேன்.)

எட்டாம் முறை, சரி, கதையென்றே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். கதை என்றால் கையெழுத்துப் போட வேண்டியதில்லை.

2

அந்தப் படக்கதை ஒரு ஜப்பானிய மங்கா. கடற்கொள்ளையர் கதை. பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் தேடிப் போவீர்கள். தொண்ணூற்று நான்கு தொகுதி. நீங்கள் திரும்பி வருவதற்குள் எனக்கு ஓய்வு வயது வந்துவிடும்.

சுருக்கம் இது. ஒரு கொள்ளைக் கப்பல். அதன் தலைவரை யாரும் பார்த்ததில்லை. பின்பக்கம் ஒரு பூட்டிய அறை. தினமும் காலையில் அந்தக் கதவின் அடியிலிருந்து ஒரு துண்டுச் சீட்டு வரும். 'கிழக்கே திரும்பு.' 'அந்தத் தீவில் இறங்காதே.' 'தாடிக்காரனை நம்பாதே.' முப்பத்திரண்டு பேர் அந்தச் சீட்டுக்குக் கட்டுப்பட்டுச் சண்டை போடுகிறார்கள், சாகிறார்கள், பாட்டுப் பாடுகிறார்கள். உள்ளே யார்? பத்தொன்பது வருடமாக வாராவாரம் இதே கேள்வி. முதல் அத்தியாயத்தில் ஒரே ஒருமுறை, சீட்டைத் தள்ளும் கை மட்டும் தெரிகிறது. இடக்கை. அதற்குப் பிறகு தலைவரின் நகத்தைக்கூடக் காட்டவில்லை.

உள்ளே பேய் என்கிறவர்கள் உண்டு. கிளி என்கிறவர்கள் உண்டு. உள்ளே யாருமே இல்லை, சீட்டை எழுதுவது கதை எழுதுகிற ஆள்தான் என்பது சந்தேகத்தின் கட்சி. (நல்ல கட்சி. யாராலும் மறுக்க முடியாது என்பது ஒன்றுதான் அதன் குறை.)

அக்காவின் கோட்பாடு வேறு. கப்பலில் ஒரு சமையல்காரன் இருக்கிறான். எங்கள் தமிழில் அவனுக்குக் 'கரண்டி' என்று பெயர் வைத்தோம். பூட்டிய அறைக்குச் சாப்பாடு கொண்டுபோகிறவன் அவன்தான். தொண்ணூற்று நான்கு தொகுதியிலும் வெட்டுவது, கிளறுவது, ஊற்றுவது எல்லாம் வலக்கையால். மூன்றாம் தொகுதியின் நாற்பத்தோராம் பக்கத்தில் மட்டும், யாரும் இல்லாத சமையலறையில் தனியாக உட்கார்ந்து எதையோ எழுதுகிறான். இடக்கையால்.

ஆக, தலைவர் கரண்டிதான். இதுதான் கரண்டிக் கோட்பாடு. எங்கள் தமிழ்ப் பதிப்பைப் படிக்கும் ஒன்பதாயிரம் பேருக்கும் மனப்பாடம்.

[குறிப்பு: 'எங்கள் பதிப்பு' என்றால் டாக்டர் மொழிபெயர்ப்பார், படத்தில் இருக்கும் ஜப்பானிய எழுத்தை அழித்துத் தமிழை நான் ஏற்றுவேன், அக்கா பிழை பார்ப்பாள், சந்தேகம் சந்தேகப்படுவார். அனுமதி உண்டா என்று கேட்காதீர்கள். அனுமதி கேட்டு மூன்று பதிவுத் தபால் அனுப்பினேன். பதில் இல்லை. பதில் இல்லாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம். இதையே ஒரு வாடிக்கையாளர் எங்கள் நிறுவனத்திடம் செய்திருந்தால் கண்டித்து எழுதியிருப்பேன்.]

இன்னொன்று. வேறு எந்த மொழி வாசகரும் இப்படி ஒரு கோட்பாட்டைச் சொல்லவே இல்லை. நாங்கள் அதை அவர்களுடைய மந்தபுத்தி என்று எண்ணி, பதினொரு வருடம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம்.

3

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். டாக்டர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, முந்தின நாளே போனில் சொல்லிவிட்ட அழைப்பை முழுதாக வாசித்தார். மங்கா முடியப் போகிறது என்று அறிவித்துவிட்டார்கள். முடிவதற்குள் தமிழ் வாசகர்கள் எல்லோரும் ஓர் அரங்கில் கூடுகிறார்கள். வருகிற சனி இல்லை, அதற்கு அடுத்த சனிக்கிழமை.

"'கரண்டிக் கோட்பாட்டின் ஆசிரியை அவர்கள் இருபது நிமிடம் உரையாற்ற வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறோம்.' ஆசிரியைன்னே போட்டிருக்கான்."

"என்னை பெஞ்சு மேல ஏத்தின டீச்சருங்களுக்கு இதை ஒரு காப்பி அனுப்புங்கப்பா," என்றாள் அக்கா.

"இருபது நிமிஷம் நின்னு பேசணுமே," என்றார் சந்தேகம். "பழக்கம் இருக்கா?"

"ஒம்பது மணி நேரம் நின்னு வெட்டறேன்."

"வெட்டறது வேற, பேசறது வேற."

"ரெண்டுக்கும் முதல்ல கோடு போட்டுக்கணும். கோட்டை விட்டு நகரக் கூடாது. அவ்ளோதான் விஷயம்."

"எதிர்ல ஐந்நூறு பேர் இருப்பாங்க."

"இருக்கட்டுமே. நாப்பது அடுக்குத் துணியை ஒரே வெட்டுல வெட்டறவளுக்கு ஐந்நூறு தலை என்ன?"

சிரித்தோம். ஆனால் அவள் மேசையின் விளிம்பைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தேன். நாற்பத்தாறு வயதில் முதல் மேடை. அத்தானிடம் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது, மூத்த மகள் விடுதியிலிருந்து வருகிறாள், பட்டறை முதலாளியம்மா முன்வரிசை கேட்டிருக்கிறார். அக்கா ஒரு விஷயத்தை இத்தனை பேரிடம் சொல்லி நான் பார்த்ததில்லை. அவள் கல்யாணத்தைக்கூட நாங்கள்தான் ஆள் ஆளுக்குச் சொன்னோம்.

அழைப்பின் கடைசிப் பத்தியை டாக்டர் வேகமாக வாசித்தார். மங்காவை வெளியிடும் ஜப்பானிய இதழின் பிரதிநிதி ஒருவர் வருவதால் வாசகர் பதிப்புப் பக்கங்களைத் திரையில் காட்ட முடியாது. ஜப்பானிய மூலப் புத்தகத்தின் பக்கங்களையே காட்டுவார்கள். எந்தெந்தப் பக்கம் என்ற பட்டியலை முந்தைய வியாழனுக்குள் அனுப்ப வேண்டும்.

"டேய், பக்க நம்பர் எல்லாம் நீ பாத்து எடுத்துக் குடு," என்றாள் அக்கா. "உன் நோட்டுல இருக்கும்ல."

இருக்கும் என்றேன். என் நோட்டில் எல்லாம் இருக்கும்.

4

(இந்தப் பகுதியை எழுத வேண்டாம் என்று இரண்டு முறை முடிவெடுத்தேன். இது இல்லாவிட்டால், ஒரு படக்கதைச் சமையல்காரனுக்காக ஒரு குடும்பம் ஏன் இப்படிக் கிடந்து தவிக்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள்.)

பதினொரு வருடம் முன்பு, இதே மேசை. மூன்றாம் தொகுதியின் பிழை பார்க்கிறாள் அக்கா. நாற்பத்தோராம் பக்கத்தில் அவள் விரல் நின்றது.

"இவன் இடக்கைக்காரன்டா."

"யாரு?"

"கரண்டி. மறைக்கிறான். பாரு, தோளை எப்படி வச்சிருக்கான். யாராவது வந்தா சட்டுனு கை மாத்திக்கற மாதிரி."

சந்தேகம் உடனே கேட்டார். "நம்ம ஆளு முதல்ல எல்லாப் பக்கத்தையும் புரட்டித்தானே போட்டாரு? இது புரட்டின பக்கமா இருந்துச்சுன்னா?"

நியாயமான கேள்வி. ஜப்பானியப் புத்தகம் வலமிருந்து இடமாகப் போகும். ஆரம்பத்தில் தமிழ் வாசகர்கள் தலை சுற்றுகிறது என்றதால், முதல் மூன்று தொகுதிகளின் ஒவ்வொரு பக்கத்தையும், கண்ணாடியில் பார்ப்பதுபோல, இடவலமாகப் புரட்டிப் போட்டேன். பிறகு, கத்தி பிடிக்கிறவன் எல்லாம் இடக்கையால் பிடிக்கிறானே என்று வேறு புகார் வந்தது. எனவே அத்தனையையும் மறுபடி நேராக்கினேன். ஐந்நூற்று எழுபது பக்கம். பக்கத்துக்கு ஒரு கட்டம், நேராக்கியதும் கட்டத்தில் ஒரு டிக்.

நோட்டை எடுத்து சந்தேகத்துக்குக் காட்டினேன். மூன்றாம் தொகுதி, நாற்பத்தொன்று, டிக்.

"அப்ப சரி," என்றார். அவர் வாழ்க்கையில் 'அப்ப சரி' என்று சொன்னது அந்த ஒரு தடவைதான்.

அக்கா எங்கள் பேச்சைக் கவனிக்கவில்லை. சாக்பீஸை எடுத்தாள். இடக்கையில் எடுத்தாள். மேசைமேல் விரித்திருந்த நீலத் துணியில் தன் பெயரை எழுதினாள். என் கையெழுத்தைவிட நன்றாக இருந்தது.

ஒரே வீட்டில் வளர்ந்தோம். ஒரே பள்ளிக்கூடம், எனக்கு இரண்டு வகுப்பு மேலே. அவள் இடக்கையால் ஒரு புள்ளி வைத்துக்கூட நான் பார்த்ததில்லை.

"ஒண்ணாங்கிளாஸ்ல டீச்சர் இந்தக் கையை ரிப்பனால பெஞ்சோட சேத்துக் கட்டிடுவாங்க," என்றாள், இன்னொருவர் கதையைச் சொல்வதுபோல். "ரெண்டாங்கிளாஸ்ல கட்ட வேண்டி வரல. அதுவே அடங்கிடுச்சு."

"வீட்ல சொல்லலையா?"

"சொன்னா அம்மாவும் கட்டுவாங்கன்னு பயம்."

மறுநாளிலிருந்து இடக்கையால் வெட்டினாள். இடக்கைக்காரர்களுக்கான கத்தரிக்கோல் ஒன்றை எங்கோ தேடி வரவழைத்தாள். "என்ன இது புதுசா?" என்று அத்தான் கேட்டதற்கு, "இதுதான் பழசு," என்றாளாம். நாற்பத்தோராம் பக்கத்தை அச்செடுத்து, வெட்டும் மேசைக்கு மேலே சுவரில் ஒட்டினாள். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

5

திங்கட்கிழமை மாலை, பக்க எண்களை ஒத்துப்பார்க்க டாக்டரின் கிளினிக்குக்குப் போனேன். மூலப் புத்தகங்கள் அவரிடம்தான், காத்திருக்கும் அறையின் அலமாரியில், வீங்கிய தாடையோடு வருகிறவர்கள் புரட்டட்டும் என்று வைத்திருப்பார். மூன்றாம் தொகுதியை எடுத்தேன். நாற்பத்தொன்றைத் திறந்தேன்.

கரண்டி வலக்கையால் எழுதிக்கொண்டிருந்தான்.

(இங்கே நல்ல எழுத்தாளர் என்றால் ஒரு உவமை போடுவார். நான் மூன்று யோசித்தேன். மூன்றும் லிஃப்ட் அறுந்து விழுவதைப் பற்றியே இருந்தன. தொழில் தோஷம். விட்டுவிட்டேன்.)

முதல் அத்தியாயத்தையும் எடுத்துப் பார்த்தேன். கதவின் அடியில் சீட்டைத் தள்ளும் கை மூலத்திலும் இடக்கைதான். தலைவர் இடக்கைக்காரர். கரண்டி இல்லை. எங்கள் பதிப்பில் அந்த ஒரு பக்கத்தை மட்டும் நான் நேராக்கவே இல்லை.

டிக் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். எனக்கு ஒரு பழக்கம். வேலையை முடித்துவிட்டு டிக் போட மாட்டேன். தொடங்கும்போதே போட்டுவிடுவேன். தொடங்கினால் முடிக்கிற ஆள் நான், எனவே இரண்டும் ஒன்றுதானே என்று ஒரு கணக்கு. அன்று டிக் போட்டபின் போன் வந்திருக்கும், யாராவது கூப்பிட்டிருப்பார்கள். அந்தப் பக்கம் முழுக்க ஒரே படம், அதில் கப்பலின் பெயரோ கடிகாரமோ இல்லை, இருந்த எழுத்தையும் அழித்துத் தமிழ் ஏற்றியாகிவிட்டது. புரட்டிய பக்கம் என்று காட்டிக்கொடுக்க எதுவும் இல்லை.

டாக்டரிடம் இரண்டு பக்கத்தையும் காட்டினேன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"நீங்க பன்னெண்டு வருஷமா இந்த புஸ்தகத்தைத்தானே பாத்து மொழிபெயர்க்கறீங்க?" என்று கேட்டேன்.

"சார், நான் வாயைப் பாக்கறவன். யார் வாயிலேர்ந்து என்ன வருதுன்னு பாப்பேன். கையை எதுக்குப் பாக்கறேன்?" புத்தகத்தை மூடினார். "மேடத்துக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"எப்ப சொல்லப் போறீங்க?"

"நானா?"

"பின்ன நானா? டிக் உங்களுது."

உள்ளே யாரோ வாய் திறந்தபடி காத்திருந்தார்கள். அவர் போய்விட்டார்.

6

செவ்வாய்க்கிழமை மதியம் அலுவலகத்தில் அரை நாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டுப் பட்டறைக்கு நடந்தேன். பதினைந்து நிமிட நடை. முதல் வரியைத் தயார் செய்துகொண்டே போனேன்: 'அக்கா, தப்பு என் மேலதான்.' ஐந்து சொல் கூட இல்லை.

அக்கா மேசை முன் நின்று ஒரு புதுத் தையல்காரப் பெண்ணைக் காய்ச்சிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் ஒரு சட்டையின் முன்பக்கங்களை இடம் மாற்றித் தைத்திருந்தாள்.

"ஆம்பளச் சட்டைன்னா இடது பக்கம் மேல வரும். பொம்பளச் சட்டைன்னா வலது பக்கம் மேல வரும். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லணும். இப்ப இதைப் போட்டுக்கிட்டு அந்தப் பையன் ஸ்கூலுக்குப் போனா என்ன சொல்வாங்க?"

"யாருக்கா பாக்கப்போறா?"

"நான் பாப்பேன். ரோட்ல போறவன் சட்டையைப் பாத்தே சொல்வேன்." பிறகு என்னைப் பார்த்தாள். "வாடா. ஆபீஸ் இல்லையா? சரி, வந்தது நல்லதாப் போச்சு. உக்காரு. பேசிக் காட்டறேன்."

கதவோரம் சந்தேகமும் இருந்தார். ஒத்திகைக்கு வரச் சொல்லியிருக்கிறாள். பழகும் மாணவர் ஒருவரை வெளியே காரிலேயே உட்கார வைத்துவிட்டு வந்திருந்தார்.

அக்கா மேசையில் சாக்பீஸால் கோடு போட்டு, கோட்டுக்குப் பின்னால் நின்றாள். பேசினாள். நன்றாகப் பேசினாள் என்று எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், தம்பி சொல்கிறான் என்பீர்கள். எனவே இதை மட்டும் சொல்கிறேன்: சந்தேகம் பதினெட்டு நிமிடம் வாயைத் திறக்கவில்லை. முடிந்தபிறகுதான் திறந்தார்.

"எல்லாம் சரிக்கா. ஆனா தொண்ணூத்தி நாலு தொகுதியில ஒரே ஒரு பக்கம்தானே ஆதாரம்?"

"ஒரு பக்கம்தான் இருக்கும். மறைக்கிறவன் எப்பவும் உஷாராத்தான் இருப்பான். என்னிக்கோ ஒரு நாள் அசந்துடுவான். அந்த ஒரு பக்கத்துல மாட்டிக்குவான்."

"அப்படியா?"

"நான் முப்பது வருஷம் மறைச்சேன். இதோ, கூடப் பொறந்தவன், இவனே பாக்கல." என் பக்கம் சாக்பீஸை நீட்டினாள். கோபமில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "இவன்தான் எல்லாத்தையும் எழுதி வைக்கிறவன். நோட்டுப் போட்டு வைக்கிறவன்."

'அக்கா' என்று தொடங்கினேன்.

"என்னடா?"

"பக்க நம்பர் இன்னும் முடியல," என்றேன்.

"அடுத்த வாரம் வியாழக்கிழமைக்குள்ள குடுத்தாப் போதும். மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? சாப்டியா இல்லையா?"

சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். சாப்பிடவில்லை. (இதையும் ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு பொய் சொல்லிப் பழகியபின் அடுத்தது எவ்வளவு லேசாக வருகிறது என்பதற்காக.)

7

இந்த இடத்தில் கதையை முடித்திருக்கலாம். கோழைத் தம்பி, ஏமாறப்போகும் அக்கா. வடிவம் சுத்தமாக இருக்கிறது. ஆனால் வீட்டுக்குப் போய் நாற்பத்தோராம் பக்கத்தைத் திரையில் மறுபடி திறந்தேன். அக்கா அந்தப் பெண்ணைத் திட்டியது காதில் இருந்தது.

கரண்டி ஒரு மேலங்கி போட்டிருக்கிறான். முன்னால் ஆறு பொத்தான். ஓவியர் ஒவ்வொன்றையும் அக்கறையாக வரைந்திருக்கிறார். மற்ற எல்லாப் பக்கங்களிலும் அந்த மேலங்கியின் இடது பக்கம் மேலே வந்து வலதை மூடியிருக்கும். ஆண் உடை. நாற்பத்தொன்றில் மட்டும் வலது பக்கம் மேலே.

புரட்டிய பக்கம் என்று காட்டிக்கொடுக்க அதில் எதுவுமே இல்லை என்று ஐந்தாம் பகுதியில் எழுதினேன். அதை அடிக்காமல் விட்டிருக்கிறேன். எழுதும்போது அப்படித்தான் நினைத்தேன்.

ரோட்டில் போகிறவன் சட்டையைப் பார்த்தே சொல்கிறவள். அந்தப் பக்கம் பதினொரு வருடமாக அவள் கண்ணுக்கு நேரே சுவரில் இருக்கிறது.

ஆக, இப்போது என்னிடம் இரண்டு அக்காக்கள் இருக்கிறார்கள்.

முதல் அக்கா கையைப் பார்த்தாள், பொத்தானைப் பார்க்கவே இல்லை. தன்னைப் போல ஒருத்தன் அகப்பட்ட சந்தோஷத்தில், கண்ணுக்கு அதற்குமேல் போக இடமில்லை. இவளை எனக்கு நம்பப் பிடிக்கிறது. ஆனால் எழுதுகிறவனாக இவளை என்னால் நம்ப முடியவில்லை. பதினொரு வருடத்தில் ஒருநாள்கூடவா?

இரண்டாவது அக்கா முதல் நாளே பொத்தானைப் பார்த்துவிட்டாள். பக்கம் புரண்டிருக்கிறது என்று தெரியும். நான் நோட்டை நீட்டி டிக்கைக் காட்டியபோதும் தெரியும். தெரிந்தே சாக்பீஸை இடக்கையில் எடுத்தாள். எடுப்பதற்கு அவளுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது, கிடைத்தது, யாரிடமும் திருப்பிக் கொடுக்கவில்லை. கதாபாத்திரமாக இவள் எவ்வளவோ மேல். ஆனால் இவள் அழைப்பின் கடைசிப் பத்தியையும் கேட்டுக்கொண்டுதானே நின்றாள்? மூலப் பக்கம் திரைக்கு வரும் என்று தெரிந்தே மேடை ஏற ஒத்துக்கொண்டிருக்கிறாளா? ஏறி என்ன சொல்லப் போகிறாள்?

கேட்டுவிட வேண்டியதுதானே என்பீர்கள். கேட்டுப் பாருங்கள். முதல் அக்காவாக இருந்தால், இருபது வருட கட்டிங் மாஸ்டரிடம் போய், 'சுவரில் இருந்த பொத்தான் உன் கண்ணில் படவில்லையே' என்று சொன்னதாகும். கோட்பாடு இடிவதைவிட அது பெரிய அடி. இரண்டாவது அக்காவாக இருந்தால், அவளே மூடி வைத்ததை நான் போய்த் திறந்ததாகும். ரிப்பன் கட்டிய டீச்சருக்கும் எனக்கும் பிறகென்ன வித்தியாசம்?

8

முடிவுகள். எழுதிப் பார்த்தவை மூன்று.

(அ) ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடுகிறேன். சனிக்கிழமை. அரங்கம் நிறைந்திருக்கிறது. அக்கா கோட்டுக்குப் பின்னால் நிற்பதுபோல நிற்கிறாள். "இப்ப நாப்பத்தோராம் பக்கத்தைப் பாருங்க," என்கிறாள். திரையில் கரண்டி வலக்கையால். அக்கா மெதுவாகத் திரும்பிப்—

(இதற்குமேல் எழுதவில்லை. மூன்று தடவை உட்கார்ந்தேன்.)

(ஆ) கூட்டத்துக்கு முதல் நாள், வெள்ளிக்கிழமை, புது அத்தியாயம் வருகிறது. பூட்டிய கதவு திறக்கிறது. உள்ளே கரண்டி. கோட்பாடு சரி, காரணம்தான் தப்பு. எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். இது நடக்காது என்று சொல்ல முடியாது. ஓவியரின் மனதில் என்ன இருக்கிறது என்று யார் கண்டார்கள்? ஆனால் இந்த முடிவால் பிழைப்பவன் நான் ஒருவன்தான் என்பதால் இதை நான் எழுதுவது முறையில்லை.

(இ) அரங்கம் ஐந்தாம் மாடியில். லிஃப்ட் எங்கள் நிறுவனத்துடையது. அக்கா, அத்தான், முதலாளியம்மா, இதழின் பிரதிநிதி எல்லோரும் நான்காம் மாடிக்குமேல் சிக்கிக்கொள்கிறார்கள். இரண்டு மணி நேரம். கூட்டம் கலைந்துபோகிறது. திங்கட்கிழமை நான் வருத்தம் தெரிவித்து ஒரு கடிதம் எழுதுகிறேன். (மூன்றில் இதைத்தான் ரசித்து எழுதினேன். இதுதான் மோசமானது.)

நான்காவதாக ஒன்று உண்டு. அதை எழுதிப் பார்க்கவில்லை, செய்யவே பார்த்தேன். பக்கப் பட்டியல் அனுப்பும் பொறுப்பு என்னுடையது. நாற்பத்தொன்று என்று எழுதும் இடத்தில், எங்கள் தமிழ்ப் பக்கத்தின் எழுத்தை அழித்து, ஜப்பானிய எழுத்தை ஏற்றி, மூலம்போலவே ஒரு படத்தை இணைத்து அனுப்பலாம். என் தொழிலே அதுதானே. அந்த வாரமே வெள்ளிக்கிழமை அலுவலகம் முடிந்து உட்கார்ந்து பாதிவரை செய்தும்விட்டேன். நோட்டை எடுத்து, கட்டத்தில் டிக் போடப் போனேன். வேலை முடியுமுன்பே.

அங்கே நிறுத்தினேன்.

9

கடைசியில் எழுதிய கடிதம் இது. இதைத் திருத்த மாட்டேன்.

'அக்கா,

இத்துடன் மூன்றாம் தொகுதி நாற்பத்தோராம் பக்கம், மூலப் புத்தகத்திலிருந்து எடுத்த நகல். நம் பதிப்பில் அந்தப் பக்கம் புரண்டிருக்கிறது. புரட்டியவன் நான். நேராக்காமல் டிக் போட்டவனும் நான். சந்தேகம் கேட்டபோது நோட்டைக் காட்டி அவர் வாயை அடைத்ததும் நான்தான். செவ்வாய்க்கிழமை இதைச் சொல்லத்தான் வந்தேன். சாப்பிடவும் இல்லை.

அனுப்ப வேண்டிய பக்கப் பட்டியலையும் வைத்திருக்கிறேன். நாற்பத்தொன்றை அதில் நான் சேர்க்கவும் இல்லை, நீக்கவும் இல்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். நீயே எழுதி நீயே அனுப்பு. வியாழனுக்குள் அனுப்ப வேண்டும். நீ பேசினாலும் பேசாவிட்டாலும் கூட்டத்தன்று நான் வருவேன். எங்கே உட்காரச் சொல்கிறாயோ அங்கே உட்காருகிறேன்.

தம்பி.'

முதல் பிரதியில் இன்னொரு பத்தி இருந்தது. பொத்தான்களைப் பற்றி. 'அக்கா, உனக்கு ஒருவேளை முன்பே—' என்று தொடங்கியது. அதை எடுத்துவிட்டு முழுவதையும் புதுத்தாளில் எழுதினேன். அடித்த இடம்கூடத் தெரியக் கூடாது என்பதற்காக. இந்தக் கதையில் நான் அடித்ததையெல்லாம் உங்களுக்குக் காட்டினேன். அவளுக்கு அதைக் காட்டவில்லை. என் தப்பை மட்டும் எழுதினால் போதும் என்று தோன்றியது. மற்றது அவளுடையது.

எனவே இரண்டு அக்காக்களில் யார் உண்மை என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் என்னைவிட ஒரு வரி அதிகம் தெரியாது. அந்தக் காலியிடத்தில் அவள் என்ன எழுதுவாள், மேடையில் ஏறுவாளா, ஏறினால் கரண்டியைப் பற்றிப் பேசுவாளா, ரிப்பனைப் பற்றிப் பேசுவாளா என்பதெல்லாம் உங்கள் பொறுப்பு. எனக்கு வரும் முடிவுகளின் தரத்தைத்தான் பார்த்தீர்களே.

மறுநாள் சனிக்கிழமை, கூட்டத்துக்கு இன்னும் ஒரு வாரம். தபால் நிலையம் பன்னிரண்டு மணிக்கு மூடிவிடும். பதினொன்றரைக்குப் போனேன். நகல், பட்டியல், கடிதம் என்று மூன்றையும் இன்னொரு முறை சரிபார்த்து, உறைக்குள் வைத்து, பசை தடவி, விளிம்பை நகத்தால் அழுத்தி ஒட்டினேன். எல்லாம் முடிந்தபிறகு நோட்டில் டிக் போட்டேன்.

ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் உறையைத் தராசில் வைத்தார். முகவரியைப் படித்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இதே ஊருக்கா சார்?"

"ஆமா."

"பதினஞ்சு நிமிஷ தூரம்தானே. நடந்தே போய்க் குடுத்துடலாமே."

"நடந்து போய்ப் பாத்தாச்சு," என்றேன்.

அவர் கட்டணத்தை வாங்கிக்கொண்டார். முத்திரையைக் குத்தி, உறையைப் பின்னால் தொங்கிய பைக்குள் போட்டார்.